கணிப்பொறிக்குள் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூரை நெருங்கும்போது வரும் ஊர் மாதனூர். பாலாற்றை ஒட்டிய ஊர். அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது தங்கையின் கைக்கு வந்திருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள். இரண்டு மாதமாகப் பீரோவில் கிடந்த மடிக்கணினியை இரவு எட்டு மணிக்குத் திறக்கிறாள் தங்கை.

கணினி நகர மறுக்கிறது. சுட்டியை அசைத்தால், திரையில் அம்பு சிறிது நேரம் கழித்தே அசைகிறது. உள்ளே விசிறி 'உர்' என்று இரைகிறது. அவளோ இன்னும் எதையுமே திறக்கவில்லை! பக்கத்து வீட்டு அண்ணன் வந்து 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியலைத் திறந்து காட்டுகிறான். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள்.

"அண்ணா, இது என்ன எஸ்.வி.சி.ஹோஸ்ட்? இந்த ஒரே பேர்ல அறுபது இருக்கே!"

"எனக்கும் தெரியலை பாப்பா. தெரியாத பேரெல்லாம் வைரஸாத்தான் இருக்கும். ஒண்ணொண்ணா முடிச்சு விட்டுடு."

அவள் விரல் 'எண்ட் டாஸ்க்' என்ற பொத்தானை நோக்கிப் போகிறது. மாணவ நண்பர்களே, அந்த விரலை ஒரு நிமிடம் நிறுத்தி வைப்போம். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு, அழுத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

சமையல் குறிப்பும் சமையலும்

சமையல் குறிப்புப் புத்தகம் அலமாரியில் இருக்கும்வரை யாருக்கும் பசி தீராது. ஒருவர் அதை எடுத்து, அடுப்பு மூட்டி, பாத்திரம் வைத்துச் செய்யத் தொடங்கினால்தான் அது சமையல். கணிப்பொறியிலும் அப்படியே. வட்டில் சும்மா கிடக்கும் கட்டளைத் தொகுப்பு 'நிரல்' எனப்படும். அந்த நிரல் நினைவகத்துக்கு வந்து, மையச் செயலகத்தின் நேரத்தைப் பெற்று இயங்கத் தொடங்கும்போது ஆங்கிலத்தில் அதைப் 'பிராசஸ்' என்கிறார்கள். நாம் 'பணி' என்று அழைப்போம். ஒரே குறிப்பைப் பார்த்து நான்கு வீடுகளில் சமைக்கலாம் அல்லவா? அதுபோல ஒரே நிரல் ஒரே நேரத்தில் பல பணிகளாக ஓடலாம். அறுபது எஸ்.வி.சி.ஹோஸ்ட் இருப்பதன் முதல் துப்பு இதுதான்.

நூறு பணிகளை ஒரு செயலகம் எப்படி ஒரே நேரத்தில் செய்கிறது? ஓராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒன்றாம் வகுப்புக்கு எழுதப் பயிற்சி கொடுப்பார். இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்வார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு மீண்டும் ஒன்றாம் வகுப்புக்கு வருவார். எல்லா வகுப்பும் நடந்துகொண்டே இருக்கும். கணிப்பொறியின் செயலகமும் ஒவ்வொரு பணிக்கும் நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் மட்டும் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. மிக விரைவாகத் தாவுவதால் எல்லாம் ஒன்றாக நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இந்த நேரப் பகிர்வு முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961-ல் செய்து காட்டியது. இன்றைய செயலகங்களில் இரண்டு, நான்கு, எட்டு 'ஆசிரியர்கள்' இருக்கிறார்கள். ஆனாலும் வகுப்புகளின் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு.

மாக்ஸ்வெல்லின் பூதம்

நாம் கேட்காமலே பின்னணியில் ஓடும் பணிகளுக்கு யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் 'டீமன்' என்று பெயர். பூதம் என்று பொருள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது இயற்பியல் பாடத்திலிருந்து வந்த பூதம். ஸ்காட்லாந்து அறிவியலறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-ல் ஒரு கற்பனைச் சோதனையைச் சொன்னார். காற்று நிறைந்த பெட்டியின் நடுவே ஒரு தடுப்பு. அதில் ஒரு சிறு கதவு. கதவருகே ஒரு நுண்ணிய காவலாள் அமர்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறு பக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்புகிறான். அந்தக் காவலாளுக்குத்தான் பின்னாளில் 'மாக்ஸ்வெல்லின் பூதம்' என்ற பெயர் நிலைத்தது. 1963-ல் கோர்பட்டோவின் சகாக்கள், ஓயாமல் பின்னணியில் உழைக்கும் நிரல்களுக்கு இந்தப் பூதத்தின் நினைவாகவே பெயர் வைத்தார்கள்.

நம் ஊர்க் கதைகளிலும் ஒரு பூதம் உண்டு. "எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இரு, வேலை தீர்ந்தால் உன்னை விழுங்கிவிடுவேன்" என்று அது மிரட்டும். எசமானன் தவித்துப் போய், கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்வான். பூதம் இன்றுவரை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது!

செயலகமும் கிட்டத்தட்ட இந்தப் பூதம்தான். அதற்கு ஒவ்வொரு கணமும் ஏதாவது ஒரு பணி இருக்க வேண்டும். வேறு வேலை இல்லாதபோது விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் வேலையின் பெயர் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்'. பட்டியலில் இதன் எதிரே 95, 98 என்று எண்ணைப் பார்த்துவிட்டு, 'இதுதான் கணினியை முழுவதும் தின்கிறது' என்று பலர் பதறுவார்கள். உண்மை நேர்மாறானது. 98 என்றால் செயலகம் 98 விழுக்காடு நேரம் சும்மா இருக்கிறது என்று பொருள். நாய் வாலுக்குப் பதிலாக இங்கே பூதத்தைத் தூங்க வைக்கிறார்கள். அதனால் மின்சாரமும் மிச்சமாகிறது.

ஒரே பெயரில் அறுபது பேர்

இப்போது எஸ்.வி.சி.ஹோஸ்டுக்கு வருவோம். கடிகாரத்தைச் சரிசெய்வது, வைஃபையைத் தேடுவது, புதுப்பித்தல்களை இறக்குவது போன்ற சிறு சிறு பொதுப் பணிகள் விண்டோஸில் ஏராளம். இவை தாமாக ஓட இயலாதவை. இவற்றை ஏற்றிச் செல்லும் பொது வண்டிதான் எஸ்.வி.சி.ஹோஸ்ட். விண்டோஸ் 2000-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. முன்பு ஒரு வண்டியில் பல பணிகள் கூட்டமாகச் செல்லும்; ஒன்று பழுதானால் வண்டியோடு எல்லாம் நின்றுவிடும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து, நினைவகம் மூன்றரை ஜி.பி.க்கு மேல் உள்ள கணினிகளில் பெரும்பாலான பணிகளுக்குத் தனித்தனி வண்டி விட்டார்கள். அதனால்தான் பட்டியலில் அறுபது, எழுபது என்று தெரிகிறது. எண்ணிக்கை கூடியது ஒரு பாதுகாப்புக்காகவே.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கடையில் நாம் பார்ப்பது பளபளக்கும் காலணியை மட்டுமே. அதற்குப் பின்னால் தோல் பதனிடும் தொழிற்சாலை. அதற்கும் பின்னால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அந்த நிலையத்தின் தொட்டிகளில் இரவு முழுவதும் காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். கழிவைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும் அல்லவா? விவரம் தெரியாத ஒருவர், "நடு இராத்திரியில் எதற்கு இந்த மோட்டார்? மின்சாரம் வீண்" என்று நிறுத்தினால் என்ன ஆகும்? பாக்டீரியாக்கள் நலிந்து, மறுநாள் தொட்டியே நாறும்.

ஆனால் மறைவில் நடப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. சுத்திகரிக்காத கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதையை இந்தப் பகுதி மக்கள் அறிவார்கள். 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது போயிற்று. ஆகவே மறைவில் ஓடும் மோட்டாரைக் கண்டதும் நிறுத்துவதும் தவறு. கண்டும் காணாமல் போவதும் தவறு. விசாரிப்பதே சரி.

கரடிப் பொம்மை கற்பித்த பாடம்

விசாரிக்காமல் அழித்தவர்களின் கதை ஒன்று உண்டு. 2002-ல் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் பரவியது. "உங்கள் கணினியில் ஜே.டி.பி.ஜி.எம்.ஜி.ஆர். என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கரடிப் பொம்மைப் படம் போட்டிருக்கும். அது வைரஸ். உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் சொல்லுங்கள்" என்பது அதன் சாரம். தேடியவர்களுக்கு அந்தக் கோப்பு கிடைத்தது. கரடிப் படமும் இருந்தது. பயந்து அழித்தார்கள், நண்பர்களுக்கும் அனுப்பினார்கள்.

உண்மையில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்த கோப்பு. ஜாவா மொழியில் எழுதிய நிரல்களின் பிழை திருத்த உதவுவது. அங்கே வைரஸ் எதுவும் இல்லை. மின்னஞ்சலைப் படித்தவர்களே தம் கையால் தம் கணினிக்குக் கேடு செய்துகொண்டார்கள். 'எனக்குத் தெரியாத பெயர்' என்பதும் 'கெட்டது' என்பதும் ஒன்றல்ல என்று அந்தக் கரடி கற்றுக்கொடுத்தது. இன்றும் சிலர் தொலைபேசியில் அழைத்து, கணினியில் ஏதாவது ஒரு பட்டியலைத் திறக்கச் சொல்லி, "பாருங்கள், எவ்வளவு வைரஸ்!" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். பெயர்கள் புரியாததுதான் அவர்களுடைய மூலதனம்.

வேலையாள் வேடத்தில் வந்த திருடர்கள்

உண்மையான திருடர்களும் உண்டு. மூன்று நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

2008 நவம்பரில் வெளிப்பட்ட 'கான்ஃபிக்கர்' என்ற புழு, விண்டோஸின் ஒரு ஓட்டை வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பல இலட்சம் கணினிகளில் புகுந்தது. அது தனிப் பெயரில் ஓடவில்லை, உண்மையான எஸ்.வி.சி.ஹோஸ்ட் வண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது! விண்டோஸ் புதுப்பித்தலை நிறுத்தியது. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் வலைத்தளங்களுக்குப் போகவிடாமல் தடுத்தது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

2005-ல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் சில இசைத் தட்டுகளைக் கணினியில் போட்டவர்களுக்கு, நகல் எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றும் சேர்ந்து வந்தது. குறிப்பிட்ட சில குறியீடுகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் எந்தப் பணியையும் பட்டியலிலிருந்தே அது மறைத்தது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தம் கணினியில் இதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31-ல் வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியது, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியலே சில சமயம் பொய் சொல்லலாம் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் கெடுநிரல் காணப்பட்டதை 2019 அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அமைப்பு செப்டம்பர் 4-லேயே அதைக் கண்டு தெரிவித்திருந்தது. அந்தக் கணினி அலுவலக நிர்வாகத்துக்கான வலையமைப்பில் இருந்தது. அணு உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் உலைக்குப் பாதிப்பில்லை என்று கழகம் கூறியது. அது 'டிட்ராக்' என்ற உளவு நிரலின் வகை என்பது பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொன்ன செய்தி. டிட்ராக் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும். பார்த்த வலைப்பக்கங்களைத் தொகுக்கும். அந்தக் கணினியில் ஓடும் பணிகள் எல்லாவற்றையும் பட்டியலிடும். நாம் படிக்கச் சோம்பல்படும் அதே பட்டியலைத் திருடன் கவனமாகப் படிக்கிறான்!

எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?

கிராமத்துத் தெருவில் புதியவர் ஒருவர் வந்தால் திண்ணையில் இருக்கும் பாட்டி என்ன கேட்பார்? "எந்த ஊர் தம்பி? யார் வீட்டுப் பிள்ளை? என்ன வேலையா வந்தே?" கணினிப் பணியிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, எந்த ஊர்? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெயரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கோப்பு இருக்கும் இடம் தெரியும். எஸ்.வி.சி.ஹோஸ்டின் சொந்த ஊர் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிஸ்டம்32'. அதே பெயர் 'டவுன்லோட்ஸ்' அல்லது 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்து ஓடினால் சந்தேகப்பட வேண்டும். எழுத்தையும் கூர்ந்து பாருங்கள். எஸ்.வி.சி. என்பதை எஸ்.சி.வி. என்று மாற்றிப் பெயர் வைத்து ஏமாற்றிய கெடுநிரல்கள் உண்டு.

இரண்டாவது, யார் வீட்டுப் பிள்ளை? ஒவ்வொரு பணியையும் வேறொரு பணிதான் தொடங்கி வைக்கிறது. எஸ்.வி.சி.ஹோஸ்டுக்குத் தாய் 'சர்வீசஸ்' என்ற பணி. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற கருவி இந்த வம்சாவளியை மரம்போல் காட்டும். அதை உருவாக்கியவரும் நாம் மேலே சொன்ன ருசினோவிச்தான். லினக்ஸில் 'பிஎஸ்ட்ரீ' என்ற கட்டளை இதைச் செய்யும். சென்னை சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸ் உங்கள் கணினியில் இருந்தால் முயன்று பாருங்கள்.

மூன்றாவது, யார் கையெழுத்து? கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில், வெளியிட்ட நிறுவனத்தின் மின்கையொப்பத்தைக் காணலாம். ஆனால் விண்டோஸின் சில உண்மையான கோப்புகளிலேயே அந்தப் பக்கம் தெரியாது. ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நான்காவது, என்ன வேலை செய்கிறது? செயலகம், நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய நான்கில் எதை, எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் கூடிவிட்டுத் தணிவது ஏதோ ஒரு வேலையை முடித்ததன் அடையாளம். நீங்கள் சும்மா இருக்கும்போதெல்லாம் மணிக்கணக்கில் உச்சத்தில் ஓடுவது விசாரணைக்குரியது. பிறர் கணினியை வைத்து மின்னணு நாணயம் ஈட்டும் கெடுநிரல்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நான்கு கேள்விக்கும் சரியான பதில் வராவிட்டால் அந்தக் கோப்பை நீங்களே அழிக்காதீர்கள். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். முக்கியக் கோப்புகளை நகல் எடுத்து வையுங்கள். பென் டிரைவில் எடுத்தால், சோதிக்காமல் அதை வேறு கணினியில் செருக வேண்டாம். பிறகு 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற சோதனையை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுவதும் எழுமுன்னரே அது சோதிப்பதால், கான்ஃபிக்கர் போல உள்ளே ஒளிந்திருப்பவையும் சோனித் தட்டு நிரல்போல மறைந்திருப்பவையும் தப்புவது கடினம். வைரஸ் தடுப்பு தானாக நின்றுபோயிருந்தாலோ, அதன் வலைத்தளம் மட்டும் திறக்க மறுத்தாலோ உடனே இதைச் செய்ய வேண்டும்.

மாதனூர் வீட்டில் நடந்தது என்ன?

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவள் பொத்தானை அழுத்தாமல், 'டிஸ்க்' என்ற தலைப்பைச் சுட்டி, வட்டை அதிகம் பயன்படுத்தும் பணிகளை மேலே வரச் செய்கிறாள். முதலில் நிற்பவை மூன்று: விண்டோஸ் புதுப்பித்தல், வைரஸ் தடுப்பு, கோப்புகளுக்கு அட்டவணை தயாரிக்கும் தேடல் பணி. மூன்றின் சொந்த ஊரும் சரியாக இருக்கிறது. மர்மம் விளங்கிவிட்டது. இரண்டு மாதம் தூங்கிய கணினி, விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே இரவில் முடிக்கப் பார்க்கிறது! நினைவகம் குறைந்த, சுழலும் வட்டு கொண்ட பழைய மடிக்கணினிக்கு அது பெரும் சுமை.

வைரஸ் தடுப்பை அவள் தொடவில்லை. புதுப்பித்தலை அமைப்புப் பக்கத்தில் ஏழு நாளுக்குத் தள்ளி வைக்கிறாள். அம்மாவின் கைப்பேசியிலிருந்து வரும் இணையத்தை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறிக்கிறாள். பெரிய இறக்கங்கள் நின்று டேட்டாவும் மிச்சமாகிறது. கணினி தொடங்கும்போதே எழுந்துவிடும் விளையாட்டு, அரட்டை நிரல்களை 'ஸ்டார்ட்அப்' பகுதியில் நிறுத்துகிறாள். சார்ஜரைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகிறாள். அவள் திரும்பும்போது விசிறி அடங்கியிருக்கிறது. பத்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்கிறது. தள்ளி வைத்த புதுப்பித்தலை மறுநாளே ஓடவிடுகிறாள். கான்ஃபிக்கர் கதை நினைவிருக்கிறதே!

ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கணினி புதிய விண்டோஸை ஏற்காவிட்டால், விவரம் தெரிந்த ஆசிரியரைக் கேட்டு லினக்ஸுக்கு மாறுவது நல்லது.

செய்து பாருங்கள்

1. கணினி நன்றாக இருக்கும் ஒரு நாளில் பட்டியலைத் திறந்து, முதல் இருபது பணிகளின் பெயர், ஊர், வேலை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். புதிதாக வந்தவர் யார் என்று உடனே தெரியும். வழக்கமான நிலையை அறிந்தவருக்கே வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

2. கால்குலேட்டரைத் திறந்து, பட்டியலில் அதன் பெயர் தோன்றுவதையும், மூடினால் மறைவதையும் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரும் ஒரு பணிதான். அதன் பெயரையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

3. எதையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு 'ஐடில்' எண்ணைப் பாருங்கள். 95-க்கு மேல் இருந்தால் உங்கள் பூதம் நிம்மதியாகத் தூங்குகிறது என்று பொருள்.